கல்யாண வீடியோக்காரர்

இப்படி உட்காருங்க அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். ஃபேன் சத்தம் மைக்குல இரையும்னு சொன்னீங்கள்ல, அதான் நிறுத்திட்டேன். ரொம்ப வேர்த்தா சொல்லுங்க. எனக்கு ஃபேன் இல்லாம இருந்து பழகிருச்சு. வாசல் கதவைத் தாழ் போட்டுக்கிறேன், இல்லன்னா எதிர் வீட்டம்மா ஏதாவது கேட்டுக்கிட்டு உள்ள வந்துருவாங்க. அம்மா உள் அறையில படுத்திருக்காங்க. மாத்திரை போட்டிருக்கு, நாம சத்தமாப் பேசினாலும் எழுந்திருக்க மாட்டாங்க. மதினி வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம்தான் வருவாங்க. அதுக்குள்ள முடிச்சிரலாம்ல?

முதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பேச வராது. காலேஜ்ல செமினாருன்னு பேரைக் கூப்பிட்டாலே உள்ளங்கை நனைஞ்சிரும். எம்.எஸ்சி. தாவரவியல் படிச்சேன். வாய்மொழித் தேர்வுல வெளியூர்லருந்து வந்த ஒரு சார் என் கையில இலையைக் கொடுத்து, இது என்ன குடும்பம்மான்னு கேட்டார். எனக்குத் தெரியும். ஆனா வாய் திறக்கல. எங்க மேடம்தான், இந்தப் பொண்ணு பேச மாட்டா சார், ரெக்கார்டைப் பாருங்கன்னு என் படங்களை எடுத்துக் காட்டினாங்க. தண்டைக் குறுக்கா வெட்டி மைக்ரோஸ்கோப்புல பார்த்தா தெரியுமே, அதை ஒரு செல் விடாம வரைஞ்சிருப்பேன். இவ கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு மேடம் சொன்னாங்க. அது உண்மைதான் அக்கா. பேச மாட்டேனே தவிர பார்த்துக்கிட்டே இருப்பேன். இன்னைக்கும் நான் பார்த்ததை மட்டும்தான் சொல்லப்போறேன்.

பத்திரிகைக்காரங்கன்னு உங்க நம்பரைத் தேடி எடுத்து, போட்டுப் போட்டுக் கட் பண்ணியிருக்கேன். நீங்களே திருப்பிக் கூப்பிட்டுட்டீங்க. அதுவும் நல்லதுக்குத்தான்.

பின்னாடி அந்த ஷீல்டு கேமராவுல தெரியுதா? கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன். ‘சிறந்த களச் செய்தி ஒளிப்பதிவாளர்’னு எழுதியிருக்கு பாருங்க. அந்த எழுத்து தெரியணும். மதினி இதைப் பழைய சேலையில சுத்திப் பரண்ல, பித்தளைப் பானைகளுக்குப் பின்னால போட்டு வச்சிருந்தாங்க. இன்னைக்குக் காலையில அவங்க வண்டி தெருமுனை தாண்டினதும் நான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். ஒரு மனுசன் உயிரைக் கொடுத்து வாங்கின பரிசு. அதைக் கொண்டுபோய்ப் பானைக்குப் பின்னால வைக்கிறதுன்னா என்ன மனசு வேணும்?

சரி, வரிசையாச் சொல்றேன்.

என் அண்ணன் பேரு இளம்பரிதி. என் பேரு பூங்கோதை. அப்பா மேடையில பேசுறவரு, அதனால நல்ல தமிழ்ப் பேரா தேடி வச்சாரு. அவர் போய்ச் சேர்ந்து வருசக்கணக்காச்சு. முழுப்பேரையே போடுங்க அக்கா. இனிஷியலோட போடுங்க. மதினி எங்க போனாலும் ‘பரிதி’ன்னு பாதிப் பேர்தான் சொல்றாங்க. மீதிப் பேருக்கு வரி கட்டணுமான்னு நானே ஒரு நாள் கேட்டுட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் என் தலையைத் தடவிட்டுப் போயிட்டாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

அண்ணன் அங்க போனது தீபாவளி முடிஞ்ச கையோட. இப்போ மாங்காய் சீசன் வந்திருச்சு. அந்த நாட்டோட பேரை எங்க வீட்டுல யாரும் சொல்றதில்ல. ‘அங்க’ன்னுதான் சொல்வோம். பேரைச் சொன்னா அம்மாவுக்குப் படபடன்னு வந்துரும். நீங்க வேணும்னா எழுத்துல போட்டுக்கோங்க.

எதுக்குப் போனான்னு கேட்டா ஊர்ல எல்லாரும் கல்யாணத்துக்குன்னு சொல்வாங்க. அங்க கடை வச்சிருக்கிற நம்ம பக்கத்துப் பெரிய மனுசர் ஒருத்தர் வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம். வீடியோ எடுக்க நம்ம ஊர் ஆள்தான் வேணும்னு அண்ணனைக் கூப்பிட்டாங்க. அது நிஜம்தான். டிக்கெட், விசா எல்லாம் அவங்கதான் போட்டாங்க. கல்யாணம் முடிஞ்சதுக்கப்புறம் அண்ணன் திரும்பி வரல. இங்கிரிட்னு ஒரு பொண்ணு, ஐரோப்பாவுலருந்து வந்த பத்திரிகைக்காரங்க, அவங்களோட சேர்ந்து ஒரு இடத்துக்குப் போயிருக்கான். அங்க ஒரு சிறைச்சாலை வாசல்ல, காணாமப்போன பசங்களோட அம்மாக்கள் வாரா வாரம் வந்து நிப்பாங்களாம். கையில போட்டோவை வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம. பேசினா பிடிச்சிருவாங்க. அந்த அம்மாக்களைத்தான் ரெண்டு பேரும் படம் எடுத்தாங்க. அன்னைக்கே ஓட்டல்ல வச்சுப் பிடிச்சிட்டாங்க. ரெண்டு பேரையும்.

அவ்வளவுதான் எங்களுக்கு முதல்ல தெரிஞ்சது. மீதியை ஒவ்வொண்ணா நானா பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

செய்தி வந்த அன்னைக்கு அம்மா தரையில உட்கார்ந்து அழறாங்க. நான் அம்மா பக்கத்துல. மதினி அழல. போன்ல யார்கிட்டயோ பேசிட்டு வந்து நடுவீட்டுல நின்னாங்க. “யார் கேட்டாலும் கல்யாண வீடியோ எடுக்கப் போனார்னு சொல்லுங்க. அவருக்கு வேற வேலை எதுவும் தெரியாது. அத்தை, உங்ககிட்டயும்தான் சொல்றேன். கோதை, நீயும்தான்.” புருசன் ஜெயில்ல இருக்கான், பொண்டாட்டி சொல்ற முதல் வார்த்தை இதுதான்.

நீங்களே சொல்லுங்க. கல்யாண வீடியோக்காரனா அவன்?

எடுத்தான், இல்லன்னு சொல்லல. ஆரம்பத்துல எடுத்தான். பஸ் ஸ்டாண்டு பின்னால மாடியில ஸ்டூடியோ வச்சிருந்தான். மதினியையே அப்படித்தான் பார்த்தான். தூத்துக்குடியில அவங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம், சர்ச்சுல. மணப்பொண்ணை விட்டுட்டு ஓரமா நின்ன இந்த ரோஸ்லினையே எடுத்துக்கிட்டு இருந்திருக்கான். அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க இன்னைக்கும் கேட்டுத் திட்டுவாங்க, தாலி கட்டுற இடத்தைக் காணோம்னு. வீட்டுல பெரிய சண்டை போட்டுத்தான் கட்டினான். அப்போ அவங்களுக்கு அவன் வீடியோக்காரன்தான். இன்னைக்கும் அப்படியேதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அதுக்கு மேல அவன் வளர்ந்தது அவங்க கண்ணுல படல.

எனக்குத் தெரியும், அவன் எப்போ மாறினான்னு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்.

எங்க தெருவுல அந்த வருசம் குடிதண்ணியே வரல. மனு கொடுத்தோம், அலைஞ்சோம். ஒரு நாள் காலையில பொம்பளைங்க எல்லாரும் காலிக் குடத்தைத் தூக்கிட்டுப் போய் மெயின் ரோட்டுல உட்கார்ந்துட்டோம். நானும் போனேன், கடைசி வரிசையில. பஸ்ஸெல்லாம் நின்னுச்சு. அண்ணன் ஏதோ நிச்சயதார்த்தம் முடிச்சிட்டு கேமராவோட வந்துக்கிட்டு இருந்தான். வண்டியை ஓரம் கட்டினான், எடுக்க ஆரம்பிச்சுட்டான். குடம் குடமா, மூஞ்சி மூஞ்சியா. அதை ஒரு டிவிக்கு அனுப்பினான். மத்தியானச் செய்தியில வந்துச்சு. சாயங்காலம் தண்ணி லாரி வந்துச்சு அக்கா. அத்தனை நாள் வராத லாரி. நான் குடத்தைத் தூக்கிட்டு வரும்போது என் காதுகிட்ட வந்து சொன்னான், “பார்த்தியா பாப்பா, படம் வந்தா லாரி வரும்.”

அதுக்கப்புறம் அவன் கல்யாணம் எடுத்ததெல்லாம் வயித்துப்பாட்டுக்கு. மனசு இதுலதான். பட்டாசு ஆலை வெடிச்ச இடத்துக்கு முதல்ல போனவன் அவன்தான். இந்த ஷீல்டு அதுக்குக் கொடுத்ததுதான்.

அப்படிப்பட்டவனை வீடியோக்காரன்னு சொல்றதோட மதினி விடல. ஞாயித்துக்கிழமை ஆனா வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. அண்ணன் முந்தி எடுத்த கல்யாண ஆல்பம், பென் டிரைவ் எல்லாத்தையும் வீடு வீடாப் போய் வாங்கினாங்க. எங்க கல்யாணத்தை இவர்தான் எடுத்தாருன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்தும் வாங்கினாங்க. என்னைக் கூட வரச் சொன்னாங்க. எனக்கு மானம் போற மாதிரி இருந்துச்சு, தலைவலின்னு படுத்துட்டேன். பாளையம்பட்டியில ஒரு ஜோடி, கட்டின வருசமே பிரிஞ்சுட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் போய்க் கேட்டிருக்காங்க. அது ஆல்பத்தைத் தூக்கிக் கொடுத்து, திருப்பித் தர வேண்டாம்க்கா, அங்கயே ஜெயில்ல போட்டுருங்கன்னு சொல்லுச்சாம். மதினி இதைச் சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. அம்மாகூடச் சிரிச்சுட்டாங்க. நான் எழுந்து அடுப்படிக்குப் போயிட்டேன்.

அத்தனை ஆல்பத்தையும் ஒரு பெட்டியில கட்டி, டெல்லியில இருக்கிற வக்கீலுக்கு அனுப்பினாங்க. என் அண்ணனைப் பத்தி அந்த நாட்டுக்குப் போன சாட்சி என்ன தெரியுமா? மாலை மாத்துறதும் பந்தியில பாயாசம் ஊத்துறதும்.

இங்கிரிட் விஷயத்தைப் பாருங்க. அவங்களுக்கு அவங்க ஊரே எழுந்துச்சு. நான் தினமும் போன்ல பார்ப்பேன். அவங்க படத்தைப் பெரிய கட்டடம் உசரத்துக்கு மாட்டினாங்க. பாட்டுக் கச்சேரி வச்சாங்க. அவங்க ஊர் பெரிய பெரிய ஆளுங்கெல்லாம், இந்தப் பெண் உண்மையை எழுதினவள், அஞ்சாதவள்னு பேசினாங்க. எனக்கு அழுகையா வரும், இப்படியும் ஒரு ஊர் இருக்கேன்னு. போன மாசம் தீர்ப்பு வந்துச்சு, அவங்களுக்குப் பதினஞ்சு வருசம். உலகத்துல அத்தனை பேப்பர்லயும் முதல் பக்கம். அவங்க அம்மா மைக் முன்னால தலை நிமிர்ந்து நின்னாங்க. என் அண்ணன் பேர் அந்தச் செய்தியில எங்க வந்துச்சு தெரியுமா? ‘உடன் கைதான இந்திய திருமண ஒளிப்பதிவாளரின் வழக்கு தனியாகப் பிரிக்கப்பட்டுள்ளது.’ ஒரு வரி. பேர்கூட இல்ல. அவனுக்குன்னு ஒரு தீர்ப்புகூட வரல. அவ்வளவு அலட்சியம்.

அன்னைக்கு மதினி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிச்சாங்க. வாசிச்சிட்டு நெத்தியில, நெஞ்சுல, தோள்ல கை வச்சு சிலுவை போட்டுக்கிட்டாங்க. அவமானத்துக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா, சரி.

பேனர் கதையைச் சொல்லணும். அப்பாவோட பழைய கூட்டாளிங்க சேர்ந்து, மாதாங்கோயில் முக்குல ஒரு ஃப்ளெக்ஸ் வச்சாங்க. நான்தான் போட்டோ கொடுத்தேன். கழுத்துல பிரஸ் அட்டையோட, தோள்ல கேமராவோட நிக்கிற படம். ‘உண்மையின் கண்ணே, உன்னைச் சிறை தாங்குமா’ன்னு எழுதியிருந்தாங்க. நான் கோயிலுக்குப் போற சாக்குல நாலு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்தேன். மறுநாள் விடிஞ்சதும் மதினி நைட்டிக்கு மேல துண்டைப் போட்டுக்கிட்டு, காய் நறுக்குற கத்தியோட போனாங்க. நான் பின்னாலயே ஓடினேன். டீக்கடையில அத்தனை ஆம்பளைங்க பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. சாரத்துல ஏறி, கயித்தை அறுத்து, புருசன் மூஞ்சியைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு இறங்கினாங்க. அப்பாவோட கூட்டாளி சங்கரலிங்கம் மாமா வந்து, “ஏம்மா, உன் புருசனுக்காகத்தான வச்சோம்”னு கேட்டார். மதினி அவர் காலைத் தொட்டாங்க. “மாமா, உங்க வீட்டுப் பொண்ணா நெனச்சுக் கேக்கறேன். இனிமே வைக்காதீங்க. யாராவது போன்ல எடுத்திருந்தா அழிக்கச் சொல்லுங்க.” அதுக்கு மேல ஒரு காரணமும் சொல்லல. அவர் மனசு உடைஞ்சு போயிட்டார். ஊர்ல என்ன பேசினாங்கன்னு நான் சொல்லணுமா?

அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா மதினிகிட்டச் சண்டை போட்டேன். சண்டைன்னா என்ன, கதவோரமா நின்னு, ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். அவங்க என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. “கொஞ்ச நாள் பொறு கோதை. உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும்னுதான் இருக்கு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்”னாங்க. யாருக்குச் சத்தியம்? அதையும் சொல்லல. வெளியிலருந்து வந்தவங்களுக்கு ஆயிரம் ரகசியம். கூடப் பிறந்தவ நான் பொறுக்கணும்.

பொறுத்துப் பொறுத்து அம்மா எப்படி ஆயிட்டாங்கன்னு பாருங்க. உள்ள போய்ப் பாருங்க வேணும்னா. தோடு காதுல நிக்கல. சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. போன வாரம் என் கையைப் பிடிச்சு, “அவன் செத்துட்டானாட்டி? ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட மறைக்கிறீங்களா?”ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது? எனக்கே தெரியாதே. அங்க ஜெயில் அறையில ஜன்னலே கிடையாதுன்னு எங்கயோ படிச்சேன். அதுலருந்து நான் ஃபேன் போடாமதான் படுக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். அதைத் தவிர வேற என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல.

டிவியில காட்டினாங்களே, அதைப் பார்த்தீங்களா? அங்க உள்ள டிவி. யாரோ லிங்க் அனுப்பினாங்க. சாம்பல் கலர்ல ஒரு உடுப்பு போட்டு மேஜை முன்னால உட்கார வச்சிருந்தாங்க. கண்ணாடி இல்ல. கண்ணாடி இல்லாம அவனுக்கு எதிர்ல இருக்கிற ஆள்கூடத் தெரியாது. இங்கிலீஷ்ல சொல்றான், நான் கல்யாணங்களைப் படம் எடுப்பவன், செய்தியாளன் இல்லை, கூட்டத்தைப் பார்த்து வேடிக்கையாகப் படம் எடுத்துவிட்டேன், மன்னியுங்கள்னு. என் அண்ணன் பொய் சொல்றான் அக்கா. எங்க அப்பா அடிச்சப்போகூடப் பொய் சொல்லாதவன். நான் அவன் மூஞ்சியைப் பார்க்கல, கையைப் பார்த்தேன். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ திருப்பிக்கிட்டே இருந்துச்சு. லென்ஸைத் திருப்புற மாதிரி. கையில லென்ஸ் இல்ல. ஆனா திருப்பிக்கிட்டே இருந்தான்.

நான் பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். திரும்பி வந்து பார்க்கிறேன், மதினி தட்டு எடுத்து வச்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அத்தனை வாரமா ஒழுங்காச் சாப்பிடாதவங்க. “நல்லாச் சொல்லிட்டார்”னு தனக்குத்தானே சொல்றாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, “ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து கோதை”ன்னாங்க. ஊத்தினேன்.

இப்போ நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. நான் யாரைப் பத்தியும் எதுவும் சொல்லல. பார்த்ததைச் சொல்றேன்.

மதினி இப்போ மொட்டை மாடியில போய்த்தான் போன் பேசுறாங்க. துணி காயப்போடுற மாதிரி போவாங்க. சேலைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, “ம், சரிங்க சார், ம்”, அவ்வளவுதான் கேக்கும். நடுவுல ரெண்டு தடவை ஆஸ்பத்திரி லேபுல டிரெய்னிங்னு சொல்லிட்டு டெல்லி போயிட்டு வந்தாங்க. ரத்தம் எடுக்கிறவங்களுக்கு டெல்லியில என்ன டிரெய்னிங்? அடுத்த மாசம் முழுக்க லீவு எழுதிக் கொடுத்திருக்காங்க, அவங்க கூட வேலை பார்க்கிற பொண்ணு வாய் தவறிச் சொல்லிருச்சு. எங்ககிட்டச் சொல்லல.

போன ஞாயித்துக்கிழமை பீரோவுல அம்மா சேலை எடுக்கப் போனேன். மதினி தட்டுல, அவங்க துணிக்கு அடியில, ஆம்பளைச் சட்டை ரெண்டு. புதுசு, மடிப்புகூடக் கலையல. காலர்ல நம்பரைப் பார்த்தேன், முப்பத்தெட்டு. என் அண்ணனுக்கு நாற்பத்திரண்டு அக்கா. எனக்குத் தெரியாதா, தீபாவளிக்கு நான்தான எடுப்பேன். முப்பத்தெட்டுச் சைஸ்ல அண்ணன் சின்னப் பையனா இருந்தப்போதான் போட்டிருப்பான். அப்போ அது யாருக்கு? ஒல்லியா ஒரு ஆளுக்கு. நான் மடிப்புக் கலையாம அப்படியே வச்சுட்டேன்.

நேத்து துணி எடுக்க மாடிக்குப் போனேன். நான் வந்தது அவங்களுக்குத் தெரியல. முதுகுப் பக்கமா நின்னு, “வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆயிருமா சார்? மாறாதுல்ல?”ன்னு கேட்டாங்க. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, போனை நெஞ்சோட வச்சு அழுத்திக்கிட்டு சிரிச்சாங்க. முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான புதுசுல பார்த்த சிரிப்பு. அங்க அவன் கண்ணாடி இல்லாம உட்கார்ந்திருக்கான்.

வெள்ளிக்கிழமை என்ன கையெழுத்து? வீட்டை விட்டுப் போறதுக்கா, வேற எதுக்கா, எனக்குத் தெரியாது. இன்னைக்குச் செவ்வாய். அவங்க போறதுன்னா போகட்டும். போறதுக்கு முன்னால, அவன் யாருன்னு உலகத்துக்குத் தெரியணும். அதான் நேத்து மாடியிலருந்து இறங்கினதும் உங்களுக்குப் போன் போட்டேன்.

ஆதாரம் இருக்கான்னு கேட்டீங்கள்ல? ஷீல்டு இருக்கு. அதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கு. இதை இதுவரைக்கும் யாருக்கும் போட்டுக் காட்டினதில்ல. மதினிக்குக்கூட இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது. பிடிபடறதுக்கு முந்தின நாள் அண்ணன் எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ். எனக்கு. மதினிக்கு இல்ல. மைக்கைக் கொஞ்சம் கிட்ட வைங்க, பின்னால வண்டி சத்தமா இருக்கும்.

“பாப்பா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. அதெல்லாம் ஒரு சாக்குதான்டா. நாளைக்குத்தான் நான் வந்த வேலை. ஜெயில் வாசல்ல அந்த அம்மாக்களை எடுக்கப் போறோம். ரெண்டு மாசமாத் திட்டம் போட்டது. மதினிகிட்டச் சொல்லாத, பயப்படுவா. படம் வந்தா லாரி வரும், என்ன?”

கேட்டீங்களா? சாக்குதான்னு அவன் வாயாலயே சொல்றான். ரெண்டு மாசத் திட்டம். வேடிக்கை பார்க்கப் போனவனா அவன்? இதைப் போடுங்க. அந்த டிவியில அவனைச் சொல்ல வச்சது அத்தனையும் பொய்னு இந்த ஒண்ணு போதும்.

ஏன் அக்கா, ஏன் அதை அணைச்சிட்டீங்க?

சிவப்பு விளக்கு நின்னுருச்சே. சார்ஜ் இல்லையா? வயர் தரவா? இல்ல, நீங்களே அணைச்சீங்க, நான் பார்த்தேன்.

என்ன? மதினி வரட்டுமா? அவங்ககிட்ட முதல்ல பேசணுமா? நான் இவ்வளவு நேரம் யாரைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கணுமா? நீங்களும் பொறுன்னுதான் சொல்றீங்க. உங்க முகம்கூட அவங்க மாதிரியே ஆயிருச்சு. சட்டையா? சட்டைக்கு என்ன இப்போ? யார் இளைச்சிருப்பாங்க? ஆறேழு மாசத்துல ஒரு ஆளு அவ்வளவா இளைப்பான்? நீங்க அவங்களுக்காகப் பேசாதீங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியாது.

அழிக்கணுமா? எதை, இதையா?

அக்கா, அவன் குரல்னு என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன். இதை எப்படி அழிக்கச் சொல்றீங்க? நீங்களும் பத்திரிகைக்காரங்கதான? ஒருத்தர் உள்ள இருந்தா இன்னொருத்தர் குரல் கொடுக்க வேண்டாமா? பயமா இருந்தா விடுங்க. உங்களைக் குத்தம் சொல்லல. மைக்கை எடுத்து வைங்க. கையைப் பிடிக்காதீங்க அக்கா, விடுங்க. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல.

ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குப் பேச வராதுன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல? பாருங்க, இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசிட்டேன். எங்கயும் நிக்கல. உள்ளங்கை காய்ஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க. நீங்க போடலன்னா என்ன, என்கிட்டயும் போன் இருக்கு. ஷீல்டுல சாய்ச்சு வச்சா நேரா நிக்குது. லைவ்ல போட்டா நடுவுல யாரும் நிறுத்த முடியாதுல்ல? அந்த வாய்ஸை முதல்ல போடுறதா, கடைசியில போடுறதா? கடைசியில. அதான் சரி.

மதினி வண்டிச் சத்தம் மாதிரி இருக்கு. இவ்வளவு சீக்கிரமா எப்படி? எதிர் வீட்டம்மா போன் போட்டிருப்பாங்க. தட்டட்டும். தாழ் போட்டிருக்கேன். இப்போ திறக்காதீங்க அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இந்தச் சோபாவைக் கதவுக்கு நேரா இழுத்துட்டேன், அவ்வளவுதான்.

இருங்க மதினி, வரேன். ரெண்டே நிமிசம். ஏன் அப்படி அழறீங்க? ரெண்டே நிமிசம்.

ஆன் ஆயிருச்சு. யாரோ பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. நாலு பேர். ஒம்பது பேர்.

வணக்கம். என் பெயர் பூங்கோதை. அருப்புக்கோட்டையிலிருந்து பேசுகிறேன். என் அண்ணன் இளம்பரிதி கல்யாண வீடியோக்காரர் இல்லை.